நீண்டுபோன இடது கை

மார்கழி, வியாழன் இரவு

டில்லி உத்தியோகத்துக்கு அவர் நாளை ரயிலேறுகிறார். நான் பின்னிய ஸ்வெட்டரைச் சாயங்காலம் போட்டுப் பார்த்தார். அதன் இடது கை, விரல்களையும் தாண்டித் தொங்கியது.

"நாவல் படிச்சுண்டே பின்னினயா?" என்று சிரித்தார்.

ஆமாம், புத்தகம் மடியில்தான் இருந்தது. கதாநாயகி கடற்கரையில் கப்பலுக்குக் காத்திருந்தாள். அலைகளைப் பார்த்துக்கொண்டே நானும் அவளோடு நின்றுவிட்டேன். வரிசைகளை எண்ணவே இல்லை. கப்பல் வரும்வரை கை வளர்ந்திருக்கிறது.

"கழட்டுங்கோ, பிரிச்சுப் பின்னித் தரேன். நாலு நாளாகும்" என்றேன். உண்மையில் ஒரு மணி நேர வேலை.

அவர் யோசிக்கவேயில்லை. கைநுனியை இரண்டாக மடித்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும்டி" என்று பெட்டியில் வைத்துவிட்டார்.

இனி தினமும் காலையில் அவர் அதை மடிக்க வேண்டும். நன்றாக மடிக்கட்டும்.