பௌர்ணமிக்கு மறுநாள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை இல்லை. செய்ய வேண்டியது: வாசலில் சிமென்ட் தடுப்பு (கொத்தனார் மத்தியானம் வருகிறார்). பிளக் பாயிண்ட்டுகளை மேலே ஏற்றச் சொல்லி வீட்டு ஓனருக்கு மறுபடி போன்.

தெருவை முழங்கால் உயரம் ஏற்றிக் கான்கிரீட் போட்டாயிற்று. கடல் ஏறி ஆறு பொங்கினாலும் இனி தெருவில் தண்ணீர் நிற்காதாம். நிற்காது, சரி. வீடு இப்போது தெருவுக்குக் கீழே கிடக்கிறதே. ஆற்றோரத்து இந்தக் கான் ஹொய் வட்டாரம் முழுக்க இதே கதை. தெரு ஏறினால் ஆளாளுக்குத் தரையை ஏற்றிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு ஓனர் மட்டும், "அடுத்த வருஷம் பாக்கலாம்."

என் கணவருக்கு வேலையே வெள்ளத் திட்டம்தான். இனி வரும் வெள்ளத்தில் எந்த வட்டாரம் முங்கும், எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுகிற ஆபீஸ். தெருவை ஏற்றச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து பேசியவரும் இவரே. ஊருக்கு உபதேசம். இந்த வாரம் நகரத்தின் அந்தக் கோடியில், தூ டுக்கில் பயிற்சி வகுப்பு எடுக்கிறார். இருட்டிய பிறகுதான் வருகிறார்.

குழந்தை இனியா தவழ ஆரம்பித்துவிட்டாள். பிளக் பாயிண்ட் எல்லாம் அவள் கண் உயரத்தில்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. காலண்டரில் அன்னாபிஷேகம் போட்டிருக்கிறது. கோயிலுக்குப் போகவில்லை. பௌர்ணமிக்குத்தான் கடல் பொங்கும், தெரிந்த விஷயம். அரிசி, துணி, பால் மாவு டின் எல்லாம் கட்டில் மேல். குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வாசல் தடுப்பைத் தொட்டது. தாண்டவில்லை. வடிந்துவிட்டது. அப்பாடா.

நவம்பர் 6, வியாழன்

எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். எதிர்வீட்டில் கஞ்சி விற்கும் லான் அக்காவின் மூட்டைகள் இன்னும் மேசை மேலேயே. சோம்பல் என்று நினைத்தேன்.

(பிறகு எழுதுவது.)

சாயங்காலம். குழந்தை அறை நடுவில் பாயில். நான் சமையல்கட்டுப் படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு. குளியலறையில் களக் களக் என்று சத்தம். வாசல் வழியாக வரவில்லை, சாக்கடை ஓட்டை வழியாகக் கறுப்பாகப் பொங்கி வந்தது. நிமிர்ந்தபோது பாய் நனைந்திருந்தது. இனியா தண்ணீரைத் தட்டிச் சிரிக்கிறாள். ஃபேன் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், தண்ணீர் அதைத் தொட விரல் அளவுதான் பாக்கி. இறங்கினால் என் கால் பட்டு அலையடிக்கும். இறங்காவிட்டால்? நின்றுவிட்டேன். பெற்றவள், நின்றுவிட்டேன்.

லான் அக்காவைக் கூப்பிட்டேன். தமிழிலா, இந்த ஊர்ப் பாஷையிலா, எதில் கூப்பிட்டேனோ. வெளிச்சுவரில் இருந்த மெயினை அவர்தான் இறக்கினார். ஃபேன் நின்றது. பாய்ந்து தூக்கினேன்.

"பௌர்ணமி போயி ரெண்டு நாளைக்குத்தான் பெரிய தண்ணி," என்றார் அக்கா, குழந்தையின் தலையைத் துவட்டிவிட்டபடி. "இங்க எல்லாருக்கும் தெரியுமே." எனக்குத் தெரியவில்லையே, முருகா.

நவம்பர் 7, வெள்ளி

ராத்திரி லான் அக்கா வீட்டு மாடியில். கண்ணை மூடினால் அந்தப் பாய். இன்றும் ஏறுமாம்.

இவர் வகுப்பைப் போட்டுவிட்டு வந்தார். கீழே எங்கள் அறையில் டேப்பை விரித்துச் சுவர்க் கறையை அளந்துகொண்டு நின்றார். பற்றிக்கொண்டு வந்தது.

"அளந்தது போதும். வேற வீடு பாருங்க."

"எங்க பாக்கச் சொல்ற?"

"என்னையவா கேக்குறீங்க? எது முங்கும், எது முங்காதுன்னு ஊருக்கே சொல்றது நீங்கதானே?"

கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "நம்ம வாடகைக்கு அகப்படுறதெல்லாம் முங்குற பக்கம்தான் இருக்கு. போன வருஷமே தேடிட்டேன். ஒங்கிட்ட சொல்லல."

போன வருஷமே பயந்திருக்கிறார். இவருக்குப் பயமில்லை என்று நம்பித்தான் இத்தனை நாள் இந்த வீட்டில் தூங்கினேன்.