கேபிளா, ராடா?

ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான். கொஞ்சம் வெட்கமும்.

காரின் கியர் லீவர் அசையும் தூரத்தைக் குறைக்கிற ஷார்ட் ஷிஃப்டர் வாங்க, இன்று மனைவி வசந்தியோடு கொல்கத்தா பவானிபூரில் ஒரு கடைக்குப் போனேன். "யாரோட ரேஸ் ஓட்டப் போறீங்க?" என்று வழியெல்லாம் கேலி செய்தாள்.

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்து, "உங்க கியர் லீவரை கியர்பாக்ஸோட இணைக்கிறது கேபிளா, ராடா, அண்ணா? மாறிப்போனா பொருந்தாது" என்று வங்காள மொழியில் கேட்டார். மாதக்கணக்கில் வீடியோ பார்த்த எனக்கு, சொந்தக் காரைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. ஒரு குத்துமதிப்பில் ராடு வகையை எடுத்தேன். அதுதான் பளபளவென்று இருந்தது.

"அதைக் கீழ வைங்க. நம்ம வண்டி கேபிள்" என்றாள் வசந்தி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"துர்கா பூஜை பாக்கப் போனப்போ ஜிமிக்கி கியர் கவருக்குள்ள விழுந்துடுச்சு. கழட்டித்தான் எடுத்தேன். உள்ள ரெண்டு கேபிள் ஓடுது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தா கழட்ட விட்டிருப்பீங்களா?"

கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பும்போது வசந்தி ஓட்டினாள். பெஹாலாவில் இருக்கும் வீட்டுக்கு நேர்வழி இருக்க, கியர் மாற்றுவதற்கென்றே கரியாஹாட் நெரிசலுக்குள் வண்டியை விட்டாள். மணிக்கட்டை லேசாக அசைத்தாலே கியர் விழுந்தது. ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

நான் இன்னும் ஒரு தடவைகூட ஓட்டவில்லை. படுக்கும்முன் சாவியைக் கேட்டேன். அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டுக் கேட்கிறாள்: "யாரோட ரேஸ் ஓட்டப் போறீங்க?"