பாட்டு வாத்தியாரை வெளியே தள்ளிய மகனுக்கு

புதுக்கடை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பெனிஷுக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் அம்மாவும் சாப்பிட்டு, உறங்கி, எழும்புகிறோம். என் வலது மூட்டு மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. உன் உடம்புக்காக ராத்திரி ஜெபத்தில் அம்மா தனியாகச் சொல்கிறாள். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அக்கா பெபிஷா சொல்லிவிடுவாள். போன வாரம் மார்த்தாண்டத்தில் அவளுடைய மாமனாரோடு டீ குடிக்கப் போனேன். பரிமாறியவர் வடக்கத்திக்காரர். கல்ஃபில் இருந்து வந்தவன் என்று சம்பந்தியிடம் காட்ட வேண்டாமா, இன்னொரு டீ என்று உருதுவில் கேட்டேன். எனக்குத் தெரிந்த உருது முழுக்க ஒரே ஒரு சினிமாவில் படித்தது, அந்தப் படத்தில் யாரும் டீ குடிக்கவில்லை. அதனால், மனமிரங்காவிட்டால் உன் வாசலிலேயே உயிரை விடுவேன் என்கிற மாதிரி என்னவோ வந்துவிட்டது. அந்த மனிதர் பதறிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தார். சம்பந்தி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

மழையில் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. அம்மாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அவள் நம்பவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம், பெனிஷ். ஃபோனில் கோபப்பட எனக்கு வராது, பாதியில் சிரித்துவிடுவேன், நீயும் ஸ்பீக்கரில் போட்டு ரூமுக்கே கேட்க வைப்பாய். அதனால்தான் செவ்வாய்க்கிழமை சார்ஜாவுக்கு ஏறும் நம்ம தெரு எபின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். முந்தாநாள் ஃபோனில் நீ பெரிய சாமர்த்தியம் செய்ததுபோலச் சொன்னாய். உன் ரூமில் இருந்த பாகிஸ்தான்காரர், வயதான டிரைவர் யூனுஸ், வெள்ளிக்கிழமைதோறும் மொபைலில் ஒரே பழைய படத்தைப் போடுகிறார், பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறார், எல்லாரும் சேர்ந்து சூப்பர்வைசருக்கு எழுதிக்கொடுத்து ஆளை வெளியே தள்ளிவிட்டோம் என்றாய். சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தால் நானும் நியாயம் என்றிருப்பேன். நீங்கள் எழுதியது அதுவல்ல. எங்களைச் சீண்டுவதற்கென்றே எதிரி நாட்டுப் பிரச்சாரம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அவர் ஜெனரேட்டர் பக்கத்து ஷெட்டில் படுக்கிறார், வருகிற வியாழக்கிழமை விசாரணை, விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிட்டாலும் விடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். என்ன படமடா என்று கேட்டேன். கறுப்பு வெள்ளை, நவாப் வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க வருகிற ஏழை வாத்தியார், கடைசியில் வாசலுக்கு வெளியே நின்று பாடிக்கொண்டே இருக்கிறான் என்றாய். இதுவாடா பிரச்சாரம், மக்களே?

நான் உருது படித்த சினிமா அதுதான். சார்ஜா கேம்பில் நாங்கள் ஒரு ரூம் நிறைய ஆட்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதைத்தான் பார்த்தோம். கேசட் லாகூர்க்காரர் ரஹ்மத் பாயுடையது. கட்டடத்துக்குக் கம்பி கட்டிக் கட்டி விரல் வளையாத மனிதர், அந்த விரலால் பட்டனை அமுக்கி வசனத்துக்கு வசனம் படத்தை நிறுத்தி, கையாலும் கண்ணாலும் எங்களுக்கு அர்த்தம் சொல்வார். ஒன்பதாம் வகுப்போடு வாத்தியார்கள் கைகழுவிய எனக்கு அவர் ஒரு பாஷையே சொல்லிக்கொடுத்தார். அந்த வாசல் பாட்டு வந்தால் எல்லாரும் சேர்ந்து பாடுவோம். ஓர் இடத்தில் மெட்டு மெல்ல இறங்கும், நான் மட்டும் அங்கே மேலே ஏறுவேன். படியில் இறங்கச் சொன்னால் கூரையில் ஏறுகிறாயே ராஜையா என்று தலையில் அடித்துக்கொள்வார். கேம்பில் இருந்த பதினோரு வருஷமும் ஏறினேன். படத்தில் நவாபுக்கு ஒரு காரியஸ்தன் உண்டு, வாத்தியாரைப் பற்றி இல்லாததைச் சொல்லி வெளியே தள்ள வைப்பவன் அவன்தான். அவன் தலை தெரிந்தாலே அவனவன் பாஷையில் ஏசுவோம், ஒருவன் செருப்பையே விட்டெறிந்திருக்கிறான். அந்த வேஷத்தை என் வீட்டிலிருந்து ஒருவன் போய்க் கட்டுவான் என்று அப்போது எவனாவது சொல்லியிருந்தால் அவன் மேலும் ஒரு செருப்பு விழுந்திருக்கும்.

உன் தாத்தா இறந்த தந்தி வந்தபோது கம்பெனி என்னை விடவில்லை. அப்பனை அடக்கம் பண்ண வராத மூத்த மகன் நான். அந்த வெள்ளிக்கிழமை ரஹ்மத் பாய் தன் வெள்ளைத் துண்டை எடுத்து டிவியின்மேல் போட்டு மூடினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் துண்டு அப்படியே கிடந்தது, ரூமில் ஒருவனும் முனகவில்லை. கடைசியில் நானே போய்த் துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்து, பாட்டைப் போடுங்கள் பாய் என்றேன். என் அப்பனுக்காக அவ்வளவு பேர் ஒரு படத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். உனக்கு வாரத்தில் ஒரு பொழுது பொறுக்கவில்லை.

பிள்ளை தூரத்துல கெடக்கு, அவனை ஏசி எழுதாதீங்க என்று உன் அம்மா சொன்னாள். ஷெட்டுல கெடக்கவரும் ஒரு வீட்டுக்க அப்பன்தான், ஞானபாய் என்று அவளிடம் சொன்னேன். உடனே அவள் இரண்டாவதாக ஒரு பாக்கெட் கட்ட ஆரம்பித்தாள். ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. வியாழக்கிழமைக்கு முன்னால் சூப்பர்வைசரிடம் போ. நாங்கள் எழுதியது பொய், அவர் பார்த்தது ஒரு காதல் படம், சத்தம் மட்டும்தான் எங்களுக்குத் தொந்தரவு என்று உன் வாயால் சொல். மற்றவர்கள் வந்தால் வரட்டும், வராவிட்டால் நீ தனியாகப் போ. அதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்தால் பயப்படாதே, வந்துவிடு, ரப்பர் இருக்கிறது, மார்த்தாண்டம் டீக்கடையில் நான் உருது பேசும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் எனக்கும் தைரியம்.

எபின் கொண்டுவருகிற பொதியில் மீன் ஊறுகாய் உனக்கு. ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட்டில் கயிறு கட்டியது யூனுஸுக்கு. அதை எபினிடமோ வேறு யாரிடமோ கொடுத்துவிடாதே, ஷெட்டுக்கு நீயே போய்க் கொடு. தலையில் எண்ணெய் வை, வெயிலில் தொப்பி போடு, சபைக்குப் போ. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உனக்கு நேரான வாயைத் தரட்டும்.

ஒன்றை மட்டும் ஃபோனில் சொல்லாமல் விட்டேன். கிழவர் எப்படிப் பாடுவார் என்று அந்தப் பாட்டைக் கேலியாகப் பாடிக் காட்டினாயே, இறங்க வேண்டிய இடத்தில் நீ ஏறினாய். படத்தில் பாடுகிறவர் அங்கே இறங்குவார், யூனுஸும் இறங்கித்தான் பாடியிருப்பார். லீவுக்கு வந்த ராத்திரிகளில் உன்னை நெஞ்சில் போட்டு அதைப் பாடி உறக்கியது நான்.

உன் அப்பா
ராஜையன்