மூன்று கோடை சுமந்த களி

கல்முனைக்குடி
12.9.1981

அன்பு மகன் அப்துல் ஸமட்டுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருக்கிறோம், அந்த அரபு நாட்டு வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு. தங்கச்சி நதீராவின் கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என்று பேசி முடிந்தது, அவளுக்குக் கட்டும் வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. கேட்க உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கில்லை.

வட்டையில் நம் வயல் மூன்று ஏக்கரும் புளித்த மண் என்பது உனக்குத் தெரியும். துரு நிறத்தில் தண்ணீர் நிற்கும், பயிர் முழங்காலுக்கு வருமுன் மஞ்சளாகும். சுண்ணாம்பு போட்டால் ஒரு மழையோடு அந்த மணல் கீழே விட்டுவிடும். களி கலந்தால் மண் உரத்தைப் பிடித்து வைக்கும், புளிப்பும் அடங்கும் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னதைக் கேட்டு, மூன்று கோடையாகக் குளம் வற்றும்போதெல்லாம் அடியில் கிடந்த களியை வெட்டி வண்டியில் கொண்டுவந்து பரப்பினேன். கிழவனுக்குப் பைத்தியம் என்று ஊரே சிரித்தது. நாலு மூட்டை கண்ட வயலில் போன போகம் பத்தொன்பது மூட்டை கண்டேன், வாயை மூடிக்கொண்டார்கள். இதையெல்லாம் உனக்கு மூன்று கடிதத்தில் எழுதினேன். வாசிக்க நேரமில்லை, கசெட்டில் கதைத்து அனுப்புங்க என்றாய்.

ஒலுவிலில் என் கூடப்பிறந்த ராத்தா மவுத்தாகி, நாற்பதாம் கத்தம் முடியும்வரை நான் அங்கே நின்றேன். அந்த நேரம் பார்த்து உன் மாமா மீராமுகைதீன் நீ எழுதிய கடிதத்தோடு வட்டைக்குப் போயிருக்கிறார். வாப்பா கொட்டின களி சும்மாதானே கிடக்குது, அத வெட்டிக் கல்லறுத்தா தங்கச்சிட ஊட்டுக்குக் காணும் என்று எழுதியிருந்தாயாம். ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எடுத்துவிட்டார்கள். செங்கல் சுடும் கல்வாடிக்கு ஓடினேன், சூளைக்கு நெருப்பு வைத்து மூன்று நாளாகிவிட்டது. கல்வாடிக்கார இளையதம்பி பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டு, சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டுமா காக்கா, ஊட்ட போங்க என்றார்.

மாமாவோடு சண்டை பிடிக்க எனக்கு வாயில்லை. வீடில்லாத பெண்ணை யார் எடுப்பார்? இந்த ஊடு எனக்கு வேணா வாப்பா என்று நதீரா அழுதாள், ஏசி அடக்கினேன். நீ தெரியாமல்தான் செய்தாய் என்கிறாள் உம்மா. ஓம், தெரியாது. மூன்று கடிதம் எழுதியவனுக்கு அந்தச் சமாதானம் போதாது மகன்.

தொழுகையைத் தவறவிடாதே, தலையை மூடிக்கொண்டு வேலை செய். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மறக்காதே. இந்த மாரிக்கு நான் விதைக்கப் போவதில்லை. இதுவரை உன்னிடம் வீட்டுக்கு என்று கேட்டேன், நகைக்கு என்று கேட்டேன், சோற்றுக்கு என்று கேட்டதில்லை. இனி அரிசிக்கும் சேர்த்து அனுப்பு.

வஸ்ஸலாம்,
உன் வாப்பா
கச்சிமுகம்மது