மேனேஜர் காதில் விழாமல்

ஜூன் 3, செவ்வாய்

மேனேஜர் இன்று கூவவில்லை. கடைக்குத் தாமதமாகத்தான் போனேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேவல் கூவாததால் தூங்கிவிட்டேன் என்று மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரிடம் போய்ச் சொல்வது?

மாலை வந்து பார்த்தால் பால்கனி மூலையில் உடம்பை உப்பிக்கொண்டு நிற்கிறான். கொண்டை வெளுத்துப் போயிருக்கிறது. வைத்த தீனி வைத்தபடி கிடக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனியை மேற்பார்வை பார்க்கிற அந்த நடையைப் பார்த்து என் கணவர் வைத்த பெயர் மேனேஜர். இன்று லீவு போட்டுவிட்டான் போலிருக்கிறது.

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"டேய் மேனேஜர், காலைலேருந்து நீ தண்ணிகூடக் குடிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"நாளைக்கு லீவு சொல்லிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு உங்க தாத்தாகிட்ட சொல்லுடா" என்றேன்.

ஜூன் 4, புதன்

மாமாவும் கூடவே கிளம்பி வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிருக ஆஸ்பத்திரியில் வரிசையைப் பார்த்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. "நாய் வச்சிருக்கவங்க கொஞ்சம் பின்னாடி போங்க, பூனையெல்லாம் இந்தப் பக்கம்!" ஊரையே அதட்டுவார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை நேராகப் பேச வராது.

டாக்டரம்மா சின்னப் பெண். மேனேஜரின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். தின்றதை முதலில் சேர்த்து வைக்கிற தீனிப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதாம். வயிற்றையும் தடவினாள். அங்கே கை கொஞ்ச நேரம் நின்றது.

"உள்ள ஒரு கட்டி தட்டுப்படுது. வயசும் ஆயிடுச்சு. பாக்கலாம்."

தீவனத்தைக் கூழாகக் கரைத்துச் சொட்டு சொட்டாகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன், அதற்கு மேல் கூடவே கூடாது. தீனிப்பையை மெல்ல நீவிவிட வேண்டும். வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். துணிக்கூடையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, கூடத்திலேயே இடம் கொடுத்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

என் கணவர் இருந்தவரை எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான் போகும். "அப்பா டீ கேக்குறார்." "அவ இன்னிக்கு லேட்டா வருவாப்பா." இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்தார், நாங்கள் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் இந்த வீட்டில் குழாய்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மாமாவுக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். துக்கத்தைவிடக் கூச்சம் பெரிதா? இருந்தது.

பிறகு ஒருநாள் மாமா பால்கனியைப் பார்த்து, "டேய், உங்கம்மாவை சாப்பிடச் சொல்லுடா. இப்படியே கிடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார். எழுந்து போய்ச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எங்கள் தபால்காரன் மேனேஜர்தான்.

உங்கம்மா, உங்க தாத்தா. இந்த வீட்டில் அந்த முறை சொல்லிக் கூப்பிட வேறு யாரும் பிறக்கவில்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஜூன் 7, சனி

பாதி கூவினான்! தொண்டை கட்டிய பாட்டுக்காரன் மாதிரி, ஆனாலும் கூவினான். மாமா கூடத்தில் கை தட்டியது சமையலறைக்குக் கேட்டது.

ஜூன் 9, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டோம்.

கடைக்குப் போகுமுன் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டுப் போனேன். நான் எழுந்திருக்கும் முன்பே மாமாவும் கொடுத்திருக்கிறார். சாயங்காலமும் அதே கதை. சொல்ல வேண்டியவன் கூடையில் படுத்திருந்தான். நாங்கள் இருவரும் அவனைத்தானே நம்பியிருந்தோம்? தீனிப்பை வீங்கி, கொடுத்ததெல்லாம் அலகு வழியே வெளியே வந்தது. புரையேறி மூச்சுக்குத் திணறினான். தலையைத் தாழ்த்திப் பிடித்து, துடைத்து, நீவிவிட்டேன்.

மாமா பக்கத்தில் துண்டோடு நின்றார். அவர் கையிலும் ஒரு ஸ்பூன். இருவரும் அந்த ஸ்பூனைப் பார்த்தோம். அப்போதாவது வாயைத் திறந்து பேசினோமா? இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கூடையின் விளிம்பில் துணி காயப்போடுகிற சிவப்பு கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. மாமாவின் ஏற்பாடு. கிளிப் இருந்தால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கண்டக்டர் மூளை!

சிரிப்பு வந்தது. பஸ் நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டே போய், அங்கே நின்று அழுதேன்.

ஜூன் 11, புதன்

அக்கா போன் செய்தாள்.

"ஒரு கோழிக்காகவா அங்க உக்காந்திருக்க? அந்த மனுஷனுக்கும் உனக்கும் என்னடி பேச்சு இருக்கு? அது போனதும் பேசாம கிளம்பி இங்க வந்துடு."

அவள் கூப்பிடும்போதெல்லாம், மேனேஜரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். அவளும் நல்லதுக்குத்தானே சொல்கிறாள்? என்ன பேச்சு இருக்கிறது எங்களுக்குள்? ஒரு கிளிப் இருக்கிறது.

இன்று கடையில் ஒரு லென்ஸைத் தேய்க்கும்போது விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வயிற்றில் நீர் கோத்துவிட்டது. டாக்டரம்மா ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்தாள். திரும்பவும் சேருமாம்.

"இனிமே குணமாகாதும்மா. மூச்சு விடறதே அவனுக்கு வலிதான். ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம். நான் வீட்டுக்கே வர்றேன். வீட்ல பேசிட்டு சொல்லுங்க."

வீட்டில் பேசிவிட்டு!

மாமா வெளிப்பெஞ்சில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். வரும் வழியெல்லாம் அவர் கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ஜூன் 14, சனி

எப்படிக் கேட்பது?

டேய், உனக்கு ஊசி போட்டு அனுப்பிடலாமான்னு உங்க தாத்தாகிட்ட கேளுடா — அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியுமா? மாமாவும் சாயங்காலம் கூடை பக்கத்தில் உட்கார்ந்து, "டேய் மேனேஜர்" என்று ஆரம்பித்தார். நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். "கொஞ்சம் தண்ணி குடிடா" என்று முடித்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

நாளெல்லாம் அலகைத் திறந்தபடியே இருக்கிறான். கண் மூடுகிறது, திறக்கிறது. கழுத்தை நீட்டி நீட்டி மூச்சை இழுக்கிறான். ஒவ்வொரு நாள் தள்ளிப்போடும்போதும் அவனுக்குத்தான் வலி, எங்கள் கூச்சத்துக்கு அவன் ஏன் பாடுபட வேண்டும்?

இந்த மனுஷன் வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? பெரியவர்தானே? ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

சரி. எனக்கு மட்டும் என்ன, வாய் இல்லையா?

ஜூன் 16, திங்கள்

கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, மாமா வாசலில் நின்றார். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இப்படி வாம்மா. அவன் காதுல விழக்கூடாது."

மாடிப்படியில் நின்றோம். மாமா என் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு மனசு வரல. ஆனா அவன் படற பாட்டைப் பாக்க முடியல. நீ என்ன சொல்ற?"

நீ என்ன சொல்ற. என்னிடம்தான் கேட்டார்.

"நானும் அதையேதான் மாமா நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தலையை ஆட்டினார். "என் பையன் போனப்ப நம்மகிட்ட யாரும் கேக்கலையேம்மா. கூட இருக்கக்கூட விடலையே" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர் கடைச்சாமானோடு ஏறி வந்து, எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார்.

இரண்டு வருஷமாக அழ வேண்டியதை அந்தப் படியில் அழுதோம்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் டாக்டரம்மா வந்தாள். மேனேஜர் என் மடியில் இருந்தான். எவ்வளவு லேசாகிப் போயிருந்தான்! மாமா அவன் முதுகில் கை வைத்திருந்தார். ஊசியை எடுத்ததும் குனிந்து, அந்தப் பஸ்ஸெல்லாம் அதிர்கிற குரலை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கி, அவன் காதருகே சொன்னார்:

"போலாம்... ரைட்."

வலிக்கவில்லை என்றாள் டாக்டரம்மா. கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் மாமாவே குழி வெட்டினார். போர்வையோடு வைத்தோம்.

ஜூன் 18, புதன்

கூவல் இல்லாமலே அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா மறுபடியும் போன். "இப்ப என்னடி சாக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் ஐந்து நாளாகப் பேச்சில்லை. படிக்கட்டில் பேசியது படிக்கட்டோடு போய்விட்டது. மாமா டீயைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். நான் குடித்துவிட்டுக் கழுவி வைக்கிறேன். கிளிப்பைத் துணிக்கொடியில் திரும்ப மாட்டியிருக்கிறார்.

அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாமா பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் மேனேஜர், உங்கம்மாகிட்ட—"

அவ்வளவுதான். அப்படியே நின்றுபோனார். முதுகு மட்டும் தெரிந்தது எனக்கு. காதில் விழாத மாதிரி இறங்கிப் போயிருக்கலாம். போக முடியவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றேன்.

திரும்பவே இல்லை.

"மழை வரும்போல இருக்கும்மா. குடை எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். மத்தியானம் கடையிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டு, நான் வரவில்லை என்றேன். ஏன் என்றாள். சாக்கு ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

நாளெல்லாம் வெயில்தான். ஒரு பொட்டு மழை இல்லை. சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது மாமா பால்கனியில் நிற்பது தெரிந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.