பொடி டப்பாவில் இரண்டு சீட்டு

இன்று காலை மருமகள் என் மேசை இழுப்பறையைத் துடைத்தபோது அந்த மூக்குப்பொடி டப்பா அவள் கையில் சிக்கிவிட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தவள் அடுத்தடுத்துத் தும்மினாள். "இந்தக் காகிதத்த எடுத்துப் போட்டுட்டு இதுல கிராம்பு போட்டு வெச்சிக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். நான் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்போதிலிருந்து இந்தத் திருப்பதி வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் ஆகிறது.

டப்பா உனக்கு நினைவிருக்கும். உன் நைனாவுடையது. சீட்டுக் குலுக்க ஏதாவது வேண்டும் என்றபோது நீதான் ஊரிலிருந்து கொண்டுவந்தாய். எத்தனை முறை கழுவியும் பொடி நெடி போகவில்லை. சீட்டு எடுக்கிறவன் தும்மிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான்.

சித்தூரில் பங்காருபாளையத்து வியாபாரி ஒருவரின் மாங்காய் மண்டி, அதன் மாடியில் வைக்கோல் இறைந்த அறை, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு பேர். மூன்று பேர் வீட்டில் தமிழ், மூன்று பேர் வீட்டில் தெலுங்கு. நீ ஆரம்பப் பள்ளி வாத்தியார், நான் கோர்ட்டில் நகல் எழுதுகிறவன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், வாயைத் திறந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசிப் பழகத்தான் கூடினோம். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லைக் கிராமங்கள் யாருக்கு என்று காபிக் கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட காலம் அது. நாமும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டோம், ஆனால் இங்கிலீஷில். வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

விதி இரண்டுதான். எந்தக் கட்சி பேச வேண்டும் என்பதைச் சீட்டுதான் சொல்லும். பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, தமிழுக்கோ தெலுங்குக்கோ தாவக் கூடாது. யாராவது திணறினால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து, "கம்ப்ளீட் த சென்டென்ஸ்!" என்று கத்துவோம். மண்டி ஆட்கள் கீழேயிருந்து நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கடைசியில் எப்போதும் நீயும் நானும்தான் மோதுவோம். உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது, பார். சீட்டு எழுதுவது என் வேலை, டப்பாவும் என்னிடம்தான் இருக்கும். சென்னை என்று ஒன்று, ஆந்திரா என்று ஒன்று எழுதிப் போட வேண்டும். நீ முதலில் எடுப்பாய், மிச்சம் என்னுடையது. அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சென்னைக் கட்சிக்கு வாதங்கள் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் இரண்டிலுமே ஆந்திரா என்று எழுதிப் போட்டேன். ஒரு வாரமில்லை, கோடை முழுக்க. "இன்னாடா இது, ஆந்திராவே எனக்கு வருது!" என்று சிரித்துவிட்டு நீ தும்முவாய். சிரித்துக்கொண்டே என்னைத் தோற்கடிக்கவும் செய்தாய். "எங்கள் நெல் புத்தூருக்குப் போகிறது, எங்கள் பிள்ளைகள் திருப்பதியில் படிக்கிறார்கள்" என்று நீ இங்கிலீஷில் ஆரம்பித்தால் ஆறு நிமிஷம் மூச்சு விடாமல் போவாய்.

அப்போதுதான் எல்லை விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று உன் ஊரில் தண்டோரா போட்டார்கள். உன் ஊர் அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஊரின் விருப்பம், உன் விருப்பமும் அதுதான். அதிகாரி வடக்கத்தியார். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தும் ஊரார் ஒப்பவில்லை. "அவன் மாத்திச் சொல்லிடுவான். நம்ம வாத்தியாரு நேரா இங்கிலீஷ்லயே சொல்லட்டும்" என்று உன்னை முன்னே தள்ளினார்கள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய்.

நாகலாபுரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நீ நன்றாகத்தான் ஆரம்பித்தாய். வணக்கம், ஊர்ப் பெயர், எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்பது எல்லாம் சரியாக வந்தது. அதிகாரி நடுவில் கையைத் தூக்கி, விளைச்சலை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். நீ தயாரித்துக்கொண்டு வந்ததில் அந்தக் கேள்வி இல்லை. ஒரு கணம் வாய் நின்றது. பிறகு நெல் புத்தூருக்குப் போனது, பிள்ளைகள் திருப்பதிக்குப் போனார்கள், மண்டி மாடியில் ஆந்திரக் கட்சிக்காகப் பேசியது அத்தனையும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. பாதியில் உனக்குப் புரிந்துவிட்டது. உன் காது சிவந்ததைப் பார்த்தேன். ஆனால் நீ நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று நாம்தானே பழக்கினோம்! அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

நான் எழுந்து, அது தவறு, அவர் சொல்ல வந்தது வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்தால் ஏன் அப்படி ஆயிற்று என்றும் சொல்ல வேண்டிவருமே என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அதற்குள் உன் ஊரார் கை தட்டி உன்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாய்: "நான் இன்னா பேசினேன்னு நீ கேட்டுக்கினுதானே இருந்த?"

"நல்லாத்தான் பேசின" என்றேன்.

சித்தூர் வரும்வரை நீ என் பக்கம் திரும்பவில்லை.

முடிவு வந்தது. திருத்தணி சென்னைக்குப் போனது, உங்கள் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. "என் வாயாலதான்டா போச்சு" என்றாய். ஒருவன் பேச்சைக் கேட்டா எல்லை போடுகிறார்கள், அதற்கு ஆயிரம் கணக்கு இருக்கும் என்று தேற்றினேன். அது உண்மைதான். சொல்ல வேண்டிய உண்மை அது இல்லை. நீ திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். ஊருக்குப் போனால், "எங்க வாத்தியாரு இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கினாரு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அந்தப் புகழ்ச்சியை உன்னால் தாங்க முடியவில்லை. சாவுக்கு மட்டும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாய். பின்னால் நானும் திருப்பதிக்கே வந்து, நம் தெருவில் தினமும் உன்னோடு நடந்தேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றே நினைத்தேன்.

காரியத்தை ஊரில்தான் செய்தார்கள். கடைசி ஞாயிறு போட்ட இரண்டு சீட்டும் இன்னும் உள்ளே கிடந்த டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பந்திக்குக் காத்திருந்தபோது உன் பெரியப்பா மகன், இப்போது பல்லெல்லாம் போய்விட்டது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னிக்கு அவன் வாயில, மெட்ராஸ் பக்கம் நம்ம நெல்லு போற ஊத்துக்கோட்டைன்னு ஒரு வார்த்த வரல. புத்தூரு, திருப்பதின்னே சொல்லிக்கினு இருந்தான். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஊரு பேரு கூடவா தெரியாது? புள்ள தடுமாறிட்டான்னு தெரிஞ்சிபோச்சி. அவன் நைனாதான் சொன்னாரு, 'கை தட்டுங்கடா, எம் புள்ள மூஞ்சி வாடுது'ன்னு. அதான் தூக்கிக்கினு வந்தோம். அப்புறம் எதுக்கு அவன் ஊருக்கே வராம பூட்டான்?"

டப்பாவைத் திறந்து இரண்டு சீட்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இன்னா எழுதியிருக்குது?" என்றார். ரெண்டிலும் ஒன்றேதான் அண்ணே என்று ஆரம்பித்து, திணறித் திணறி, மண்டி மாடியிலிருந்து பஸ் வரைக்கும் சொன்னேன்.

"அவங்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

அவர் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்களும் சொல்லலியே" என்றார்.

உன் நைனாவின் டப்பா என்பதால், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நீட்டினேன். சீட்டுகளை மடித்து உள்ளே போட்டு, மூடியை அழுத்தி, என் பையிலேயே திருப்பி வைத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும். எல போட்டாங்க, வா, துன்னுட்டுப் போ" என்றார். உன் காரியச் சோற்றை உன் ஊராரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர்கள் எனக்கு இரண்டாம் முறையும் பாயசம் ஊற்றினார்கள்.

உன் ஊர் உன்மேல் கோபமாக இருந்ததே இல்லையடா. அதை நீ கேட்டிருக்க வேண்டும். நான் என்றைக்காவது வாயைத் திறந்திருந்தால் நீ துணிந்து ஊருக்குப் போயிருப்பாய், அங்கே கேட்டிருப்பாய்.

மருமகள் சமையலறையில் இன்னும் பேசாமல் இருக்கிறாள். இதில் கிராம்பு போட முடியாது என்று அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஏன் மாமா என்று கேட்பாள். நடுவில் நிறுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன்.