இடுப்பு ஆடக் கூடாது

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று என் மகனுக்குப் பதினாறாம் நாள் காரியம். படத்துக்கு முன்னால் படையலோடு அவன் தூக்கிப் பழகிய டம்பிள்ஸையும் வைத்திருந்தேன். சாப்பிட்டு வந்த கொழுந்தன் ஒன்றை எடுத்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தூக்கினான்.

"இன்னா அண்ணி, இத்த இம்மாந் தூக்கியும் லாரி வந்து அடிக்கசொல்லோ இன்னா ஆச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் பெரிய கண்ணாடி இல்லாததால், "இடுப்பு ஆடுதா பாரும்மா" என்று மகன் தினமும் என்னைத்தான் எதிரில் நிற்க வைப்பான்.

"முழங்கைய விலாவோட ஒட்டு. ஆடாம தூக்கு. மெதுவா இறக்கு" என்றேன்.

மூன்றாவதிலேயே அவன் கை பாதியில் நின்றது.

"வுடு அண்ணி, வலிக்குது" என்று வைத்துவிட்டான். என் மகன் பன்னிரண்டு தூக்குவான். உள்ளங்கையை உள்பக்கம் திருப்பி இன்னொரு பன்னிரண்டு.

கொழுந்தன் பிடித்த இடத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். இப்போதுதான் உறைக்கிறது. என் மகனுடைய வியர்வையும் அதோடு போயிருக்கும். பாவி நான்.